230 என்றால் எத்தனை பிஎஸ்ஐ?

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கத்துக் கராஜ்களில் டயர் காற்று என்றால் பிஎஸ்ஐதான், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு. "முன்னுக்கு 32, பின்னுக்கு 30 அடிங்க தம்பி" என்பார்கள், அவ்வளவுதான். அலகை யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் எங்களிடம் வரும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 230 என்பது கிலோபாஸ்கல். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2.3, ‘பார்’ (100 கிலோபாஸ்கல்) என்ற அலகு அல்ல, சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம் விசை. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 2 சதவீத வித்தியாசம்தான். டயருக்கு அது பரவாயில்லை.

வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் மனக்கணக்கைத்தான் பழக்குவேன். பாரை 15ஆல் பெருக்கு, அப்புறம் அந்தப் பார் எண்ணில் பாதியைக் கழி. 2.4 பார் என்றால் 36, அதில் 1.2 போனால் 34.8 பிஎஸ்ஐ. ஸ்டிக்கரின் 230 கிலோபாஸ்கல், அதாவது 2.3 பார், இதே கணக்கில் 33 பிஎஸ்ஐக்குச் சற்று மேல். கிலோபாஸ்கலை 7ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட வரும், ஆனால் அரை பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். ஸ்டிக்கரில் உள்ள அளவு ஆறிய டயருக்கானது என்பதையும் சேர்த்தே சொல்வேன். கொழும்பு-காலி வீதி நெரிசலில் மத்தியான வெயிலில் ஊர்ந்து வந்த காரில் 10 பாகை சூடு கூடியிருந்தாலே ஒன்றரை பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது.

எனக்கு உண்மையில் பயம் தருவது டயர் அல்ல, கம்ப்ரெசர். ஒருமுறை ஜப்பான் கம்ப்ரெசர் ஒன்று வந்தது. மீட்டரில் முள் 0.8இல் நின்றது. புதிதாகச் சேர்ந்த பையன், "அண்ணே, இதில காத்தே ஏறல்ல, ஒண்டுக்கும் கீழ நிக்குது" என்று ஸ்க்ரூ ட்ரைவரோடு, காற்று நிறைந்ததும் மோட்டரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் மூடியைக் கழற்றத் தொடங்கிவிட்டான். ஓடிப்போய் மெயினை நிறுத்தினேன். அது மெகாபாஸ்கல் மீட்டர். 0.8 என்றால் 8 பார், 116 பிஎஸ்ஐ. தாங்கி ஏற்கெனவே நிறைந்திருந்தது. சேஃப்டி வால்வு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது கடைசிக் காவல், அதை நம்பி சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

பையனை நான் ஏசவில்லை. பிஎஸ்ஐ மட்டுமே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு 0.8 வெறுமையாகத்தான் தெரியும். அன்றே மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பு பெயின்டால் 116 பிஎஸ்ஐ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தோம். இப்போது ஜொப் கார்டில் அலகு இல்லாமல் காற்றளவு எழுதியிருந்தால், எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் நான் காற்றுக் குழாயைத் தொடுவதில்லை.