மரமில்லாத ஊரின் சிமென்ட் மரங்கள்: கான்சஸ் லூக்கஸில் ஓர் ஆர்வி நிறுத்தம்

டென்வருக்கும் கான்சஸ் சிட்டிக்கும் நடுவே ஐ-70 சாலையில் ஆர்வி (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள பயண வண்டி) ஓட்டுகிறவர்கள் ஹேஸிலோ சலைனாவிலோ இரவைக் கழித்துவிட்டு, விடிந்ததும் கிளம்பிவிடுவதுதான் வழக்கம். இந்த இரண்டு ஊர்களுக்கும் ஏறக்குறைய நடுவில், 206ஆம் எக்ஸிட்டில் இருக்கிறது வில்சன். அங்கிருந்து கே-232 சாலையில் வடக்கே 18 மைல் போனால் லூக்கஸ். 400 பேர்கூட இல்லாத ஊர். ஆனால் ஒரு ராத்திரி போதாது, இரண்டு ராத்திரி ஒதுக்குங்கள்.

முதலில் காற்று. கான்சஸில் பெரும்பாலும் தெற்கிலிருந்துதான் காற்றடிக்கும். ஐ-70 கிழக்கு மேற்காகப் போகிறது. அதனால் உயரமான வண்டியின் விலாவில் முழு வேகத்தோடு அறையும். பெரிய லாரி முந்திப் போகும்போது ஒரு கணம் காற்று மறைபடும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்தபடியே இருந்தால், அந்தக் கணத்தில் வண்டி அந்தப் பக்கம் பாயும். லாரி கடந்ததும் பழையபடி தள்ளும். மணிக்கு 55 மைலுக்கு இறங்கி ஓட்டுவதுதான் வழி. கே-232இல் திரும்பியதும் காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும், கை ஓயும். ஐ-70ஐ விட்டு இறங்குமுன் எரிபொருளை நிரப்பிவிடுங்கள்.

தங்குவதற்கு வில்சன் ஏரிக்கரை. சலைன் ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1964இல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி அது. தண்ணீர் இந்த மாநிலத்துக்கு ஆச்சரியமான தெளிவு. தெற்குக் கரையில் மாநிலப் பூங்கா. அங்கே முகாம் கட்டணத்தோடு வண்டிக்கான அனுமதிச் சீட்டும் தனியாக எடுக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வடக்குக் கரையில் இருப்பது பொறியாளர் படையின் லூக்கஸ் பூங்கா. ஊருக்குப் போய்வர இதுதான் கிட்டம். இதன் பக்கத்திலேயே ராக்டவுன் என்ற இயற்கைப் பகுதி. 3 மைல் சுற்றுப்பாதையில் நடந்தால் புல்வெளி முடிந்து, டகோட்டா மணற்பாறைத் தூண்கள் ஏரிக்கரையில் செக்கச்செவேலென்று நிற்பதைப் பார்க்கலாம். வழியில் நிழல் கிடையாது, காலையிலேயே போய்விடுங்கள்.

இத்தகைய பூங்காக்களில் கழிவுநீர் இணைப்பை நிறுத்துமிடத்திலேயே எதிர்பார்க்க முடியாது. வந்ததும் நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, இரண்டு நாளைக்குக் கணக்குப் போட்டுச் செலவிடுங்கள். குழாயை மாட்டுவதற்கு முன் 40-50 பிஎஸ்ஐ அளவில் நிறுத்தும் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வைப் போடுங்கள். கிளம்பும்போது கழிவை வெளியேற்றும் நிலையத்தில் முதலில் கக்கூஸ் கழிவுத் தொட்டி, பிறகு குளியல் கழிவுநீர்த் தொட்டி. இந்த வரிசையில் திறந்தால்தான் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிட்டுப் போகும். கக்கூஸ் தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்திருக்க வேண்டும், பாதியில் திறந்தால் நீர் மட்டும் ஓடிக் கெட்டி அடியில் தங்கிவிடும்.

மின்சாரம் 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட்தான். ஒரு ஏசியே 13 முதல் 15 ஆம்ப் இழுக்கும். அதோடு மைக்ரோவேவும் ஓடும்போது மின்சாரத்தில் வெந்நீர் போட்டால் பிரேக்கர் விழும். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஏசிதான் முக்கியம், வெந்நீரைக் கேஸில் போட்டுக்கொள்ளுங்கள். வெளித் துணிக் கூரையை விரித்துவிட்டு ஊருக்குள் போகவே போகாதீர்கள். திரும்பி வரும்போது அது வண்டியின் மண்டை மேல் கிடக்கும். புயல் எச்சரிக்கைகளில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயர்தான் வரும். லூக்கஸ் இருப்பது ரஸல் கவுண்டி. ஏரியின் கிழக்கு முனை லிங்கன் கவுண்டியைத் தொடுகிறது. இரண்டு பெயரையும் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். சுழற்காற்று எச்சரிக்கை வந்தால் ஆர்வி பாதுகாப்பே இல்லை, கெட்டியான சுவருள்ள கட்டடத்துக்கு ஓட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று பகலிலேயே பார்த்துவையுங்கள்.

வண்டியை ஏரிக்கரையில் விட்டுவிட்டு, சிறிய வாகனத்தில் ஊருக்குள் போவது நல்லது. சுமார் 10 மைல். வழியெல்லாம் வேலிகளில் கல் கம்பங்கள். குடியேறியவர்கள் வந்தபோது இங்கே வேலிக்கு மரம் இல்லை. ஆனால் மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே ஒரு சுண்ணாம்புக்கல் படுகை கிடந்தது. அதன் கனம் 8 முதல் 12 அங்குலம், ஒரு கம்பத்துக்குச் சரியான கனம். அதனால் மேலும் கீழும் செதுக்க வேண்டியதில்லை, பக்கவாட்டில் பிளந்தால் போதும். வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புத் தகடுகளைச் செருகி, நடுவே ஆப்பு வைத்து, வரிசைப்படி மெல்லத் தட்டிக்கொண்டே போவார்கள். கல் நேர்கோட்டில் விரியும். குளிர்காலத்தில் துளைகளில் தண்ணீர் ஊற்றி உறைய விட்டுப் பிளந்ததும் உண்டு. புதிதாக வெட்டிய கல் மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். ஒரு கம்பம் 110 முதல் 200 கிலோ.

இந்தக் கல்லைப் பார்த்த கண்ணோடு போனால்தான் லூக்கஸின் 'ஏதேன் தோட்டம்' என்ற சிலைத் தோட்டம் புரியும். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த சாமுவேல் பெர்ரி டின்ஸ்மூர், 64 வயதில், 1907இல் இங்கே வீடு கட்டத் தொடங்கினார். மர வீடு போலவே தெரியும், ஆனால் ஒவ்வொரு கட்டையும் இதே சுண்ணாம்புக்கல். பிறகு வீட்டைச் சுற்றி 113 டன் சிமென்டில் மரங்களும் சிலைகளும் எழுப்பினார். மரமில்லாத ஊரில் 40 அடி உயரம் வரை சிமென்ட் மரங்கள். மேற்குப் பக்கம் ஆதாம், ஏவாள், காயீன், ஆபேல். வடக்குப் பக்கம் அவருடைய காலத்து அரசியல். அங்கேதான் நிறைய நேரம் நிற்க வேண்டும். புழு இலையைத் தின்கிறது, பறவை புழுவைக் குறிவைக்கிறது, பறவையை நரி, நரியை நாய், நாயைப் பூர்வகுடி மனிதர், அவரைப் படைவீரன். இன்னோரிடத்தில் உழைப்பாளியைச் சிலுவையில் அறைகிறார்கள் வக்கீல், டாக்டர், பாதிரியார், பேங்கர். ஓர் ஆணும் பெண்ணும் 'ஓட்டு' என்ற ரம்பத்தால் ஏகபோகத்தின் கிளையை அறுக்கிறார்கள். பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை வந்தது 1920இல் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பாருங்கள்.

டின்ஸ்மூர் 1932இல் இறந்தார். தோட்டத்தின் மூலையில் தானே கட்டிய கல்லறையில், கண்ணாடி வைத்த சிமென்ட் பெட்டிக்குள் கிடக்கிறார். குடும்பத்தார் தவிர யாரும் ஒரு டாலருக்குக் குறைவாகக் கொடுத்துத் தன்னைப் பார்க்கக் கூடாது என்று உயிலிலேயே எழுதிவைத்தார். வழிகாட்டி கூட்டிப்போய்க் காட்டுவார். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். 2012இல் கோலர் அறக்கட்டளை சிலைகளில் படிந்திருந்த பாசியை நீக்கிச் சீரமைத்தது. அதற்கு முந்தைய படங்களில் கறுத்துத் தெரிவதெல்லாம் அந்தப் பாசிதான்.

டின்ஸ்மூர் வேலை செய்ததைச் சிறுமியாகப் பார்த்தவர் ஃப்ளாரன்ஸ் டீபிள். ஆசிரியையாகி, 1930களில் தன் வீட்டுக் கொல்லையில் வண்ணச் சிமென்டில் 'தபால் அட்டைகள்' செய்யத் தொடங்கினார். அமெரிக்க அதிபர்களின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலையும் அதில் உண்டு. இதைப் பார்க்க மெயின் ஸ்ட்ரீட்டில் உள்ள கிராஸ்ரூட்ஸ் கலை மையத்தில் கேட்க வேண்டும். அங்கேயே டின் கேன்களின் திறப்பு வளையங்களைக் கோத்துச் செய்த முழு அளவு மோட்டார் சைக்கிளும் இருக்கிறது.

ஊரின் பொதுக் கழிப்பறை, மூடி திறந்த மேற்கத்திய கக்கூஸ் வடிவிலேயே 2012இல் கட்டப்பட்டது. நடைபாதை டாய்லெட் பேப்பராக விரிந்து வரும், சுவரெல்லாம் உடைந்த கண்ணாடி, பீங்கான் மொசைக். அவசரம் இல்லாவிட்டாலும் உள்ளே போய் வாருங்கள். 1922இல் தொடங்கிய பிராண்ட்ஸ் இறைச்சிக் கடையில் செக் பாணி பொலோனா (ஒரு வகை சாசேஜ்) கிடைக்கும், ஐஸ் பெட்டியோடு போங்கள். குளிர்காலத்தில் எல்லா இடங்களிலும் நேரம் சுருங்கிவிடும், போன் செய்துவிட்டுத்தான் ஏரியை விட்டுக் கிளம்ப வேண்டும்.

திரும்பும்போது கே-232இல் காற்று எதிரே வரும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். காலைச் சாய்வெயிலில் கிளம்பி, வண்டிக்கு இடமுள்ள ஓரத்தில் நிறுத்தி ஒரு கல் கம்பத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். விளிம்பில் சீரான இடைவெளியில் துளைகளின் பாதி வடு தெரியும். மறுபாதி அடுத்த கம்பத்தில் இருக்கும்.