கொழுந்துக் கறை

தேயிலைக் காட்டில் எடுத்த காட்சி எந்தப் படத்தில் வந்தாலும் என் கண் முதலில் பெண்களின் விரல்களைத் தேடிப் போகும். கொழுந்து பறிப்பவர்களின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இலைச்சாறு ஊறிக் கறுத்து, நகக்கண் ஓரங்களில் வெடித்திருக்கும். சோப்புப் போட்டாலும் எலுமிச்சை தேய்த்தாலும் அந்தக் கறை முழுதாகப் போவதில்லை. இலங்கையின் மலையகத்தில் பிறந்து, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பி, கோத்தகிரிப் பக்கம் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வேலையை விட்டு நின்ற பிறகும், அந்தக் கறை அவர் விரல்களை விட்டுப் போக மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த விரல்களைப் பிடித்து நடந்தவன் என்பதால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாட்டுப் பாடும் கதாநாயகிகளைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் ஒட்டுவதில்லை.

நீலகிரி தமிழ் சினிமாவுக்கு நெடுநாள் உறவு. 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் இறுதிக் காட்சி எடுக்கப்பட்ட கேத்தி ரயில் நிலையத்தைக் கடக்கும்போது, மழையில் ரயிலோடு ஓடிய கமல்ஹாசனை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் மலையை இத்தனை முறை படம் பிடித்தவர்கள், அந்த மலையில் கூடை சுமப்பவர்களைப் பாட்டுக்குப் பின்னணியாகத்தான் பெரும்பாலும் நிறுத்தினார்கள்.

அதனால்தான் பாலாவின் 'பரதேசி' 2013இல் வந்தபோது அதை நான் வேறு எந்தப் படத்துக்கும் காத்திராத அளவுக்குக் காத்திருந்து பார்த்தேன். தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த பால் ஹாரிஸ் டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலைத் தழுவிய படம் அது, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழாக்கிய நாவலைப் படத்துக்கு முன்பே படித்திருந்தேன். கதை நடப்பது எங்கள் மலையில் இல்லை, ஆனைமலைத் தோட்டங்களில். இருந்தாலும் ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணியும், தோட்டத்துத் துரையும், கூலிகள் குடியிருக்கும் லயமும் எந்த மலையிலும் ஒன்றுதான்.

தொலைக்காட்சியில் அம்மாயியோடு இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்குப் படம் முழுதாகப் புரிந்தது. உடைகள் வந்தவுடனேயே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சாக்குத் துணிகளின் மண் நிறத்துக்காகப் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது சரியான தீர்ப்பு என்பதற்கு அம்மாயியின் முகமே எனக்குச் சாட்சி. கூலிக் கணக்குத் தீர்க்கும் காட்சியில், கழிவு மேல் கழிவாகப் போய்க் கையில் ஒன்றும் மிஞ்சாமல் நாயகன் ராசா நிற்கும்போது, "கொழுந்து நிறுக்கையில கூடைக்கும் மழைத்தண்ணிக்கும் கழிச்ச கணக்கு இன்னும் என் நெஞ்சுல நிக்குது சாமி" என்று மட்டும் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்துக் கதையைப் பார்த்து, சுதந்திர நாட்டில் இரண்டு தேசங்களில் வேலை செய்தவர் சொன்ன சொல் அது.

தழுவலில் என்னென்ன மாறின என்று பார்த்தால், நாவலில் கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவியாகச் சேர்ந்தே மலை ஏறுகிறார்கள். படத்தில் ராசா தனியாகப் போகிறான், அவன் காதலி அங்கம்மா கருவைச் சுமந்துகொண்டு ஊரில் நிற்கிறாள். இந்த மாற்றத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அங்கம்மாவும் பிள்ளையும் அதே தோட்டத்துக்குக் கூலிகளாக வந்து சேரும் அந்த முடிவில், "நியாயமாரே" என்று ராசா கதறுவது, ஒரு தலைமுறை பட்ட கடன் அடுத்த தலைமுறையின் தலையில் ஏறுவதை இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுகிறது. நாவலில் இல்லாத காட்சிதான், ஆனாலும் நாவலுக்குள்ளிருந்து முளைத்த காட்சி.

மருத்துவர் விஷயத்தில் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நாவலில் வரும் டாக்டர் ஆபிரகாம், தொழிலாளிகளை மனிதர்களாகப் பார்த்து அவர்களுக்காக நிர்வாகத்தோடு மோதுகிறவர். படத்திலோ பரிசுத்தம் என்ற டாக்டர், கொள்ளைநோயில் சாகக் கிடக்கும் சனங்களுக்கு நடுவே ஆடிப் பாடி மதம் பரப்ப வருகிறார். மதமாற்றத்தைப் பற்றிப் படம் எடுக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் இந்த நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தப் பாத்திரத்தைத் தலைகீழாக்கியது என்னை வருத்தியது. ஒரு தோட்டத்து மருத்துவர் தொழிலாளிகளின் வாயிலிருந்து கேட்டு எழுதியதால்தான் அந்த வாழ்க்கை புத்தகமாக நம் கைக்கு வந்தது. எழுதிய கையையே படம் கேலிச்சித்திரமாக்கிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. நாஞ்சில் நாடனின் வசனமும் செழியனின் ஒளிப்பதிவும் அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோன படம், அந்தப் பகுதியில் சட்டென்று வேறொரு படமாகிவிடுகிறது.

மூலத்தில் இருப்பதை அப்படியே எடுக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு மிகப் பிடித்த தழுவலான மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979), புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து எடுத்துக்கொண்டது மிகக் கொஞ்சம். கதை மாறிவிட்டது, களம் மாறிவிட்டது, கொடுமை தகப்பனின் உருவத்தில் வந்து நிற்கிறது. ஆயினும் தாயில்லாத இரண்டு பிள்ளைகளின் தவிப்பு, புதுமைப்பித்தன் வைத்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆற்றங்கரையில் அந்தப் பிள்ளைகள் நிற்கும் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டுச் 'சிற்றன்னை'யைப் படித்தாலும் முன்பின்னாகச் செய்தாலும், ஒன்று மற்றொன்றைக் காயப்படுத்துவதில்லை. மகேந்திரன் தொடாமல் விட்ட அந்த ஒன்றைத்தான் நான் தழுவலில் தேடுகிறேன். 'பரதேசி' நாவலிலிருந்து எடுத்துக்கொண்டது அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம், ஆனால் கைவிடக்கூடாத ஒருவரைக் கைவிட்டது.

படம் முடிந்ததும் அம்மாயி, "டாக்டரு அப்படித்தான் இருந்தாரா?" என்று கேட்டார். அவர் பிறந்த தோட்டத்தில், தன் தம்பிக்குக் காய்ச்சல் கண்டபோது லயத்துக்கே இறங்கி வந்து இரவெல்லாம் உட்கார்ந்திருந்த ஒரு டாக்டர் ஐயாவை அவருக்குத் தெரியும். அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. அதனால் 'எரியும் பனிக்கா'ட்டை எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டத் தொடங்கினேன். சாவு வரும் பக்கங்களில் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, சிறிது நேரம் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பார். பிறகு "ம், படி" என்பார். ஆபிரகாம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த அத்தியாயத்தை மட்டும் அவர் கேட்டுக்கொண்டபடி இரண்டு முறை வாசித்தேன்.