எட்ஃபுவில் கேட்ட திருப்பள்ளியெழுச்சி

எகிப்தில் உள்ள எட்ஃபுவின் ரயில் நிலையம் நைல் நதிக்குக் கிழக்கே, ஹோரஸ் என்ற பழைய எகிப்தியத் தெய்வத்தின் கோவில் மேற்கே. பாலத்தைத் தாண்டினால் ஊர். அதற்கு 150 பவுண்டு என்று பேசித்தான் டாக்ஸியில் ஏறினேன். இறங்கும்போது 400 கேட்டார் டிரைவர். அரை மணி நேரம் சண்டை போட்டு 250 கொடுத்தேன். அன்றைய சாப்பாட்டுக் காசு அதிலேயே போயிற்று. இன்னும் ஆறவில்லை. நீங்கள் போனால் தொகையைத் தாளில் எழுதிக் காட்டிவிட்டு ஏறுங்கள்.

அந்த எரிச்சலோடுதான் உள்ளே போனேன். 36 மீட்டர் உயர வாசல் கோபுரம், அப்புறம் முற்றம், தூண் மண்டபங்கள். ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் தரை கொஞ்சம் ஏறுகிறது, கூரை தாழ்கிறது, வெளிச்சம் குறைகிறது. கடைசியில் கருவறை. கால் தானாகவே மெதுவாகிவிட்டது.

ஒசிரிஸ் என்ற எகிப்தியத் தெய்வம்தான் நம் ஈஸ்வரன், பெயரைப் பாருங்கள் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடாது. என்னை உலுக்கியது நம் கோவில் மாதிரியே இருந்த பூசை முறை. கருவறை முகப்பில் ஹோரஸ் தெய்வத்தைத் துயிலெழுப்பும் காலைப் பாட்டைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உள்சுவரில் நான்காம் தாலமி மன்னர் தாழ்ப்பாளை விலக்குகிறார், அடுத்த படத்தில் கதவைத் திறக்கிறார், அப்புறம் கைகளைத் தொங்கவிட்டு ஹோரஸ் முன் பணிந்து நிற்கிறார். எழுப்பி, சுத்தம் செய்து, தைலம் பூசி, ஆடை சாத்தி, படையல் வைத்து, சாம்பிராணி காட்டி, மறுபடி கதவடைப்பது: அந்தக் காலத்தில் தினமும் இதுதான். தைலம், வாசனைப் பொருள் செய்முறைகளைப் தூண் மண்டபத்தை ஒட்டிய ஓர் அறையின் சுவரிலேயே எழுதியிருக்கிறார்கள்! தெய்வத்தை அரண்மனையில் வாழும் ராஜாவாக நினைத்தவர்கள் எந்த ஊரிலும் இப்படித்தான் செய்திருப்பார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்ற கேள்வியே வேண்டியதில்லை.

அப்போது திருக்கல்யாணமும் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை தெந்தேரா என்ற ஊர்க் கோவிலிலிருந்து ஹாத்தோர் அம்மன் படகில், நைலின் ஓட்டத்துக்கு எதிராக இங்கே வருவாள். அமாவாசையில் வந்தால் பௌர்ணமி வரை ஹோரஸோடு இருப்பாள். ஊரே திருவிழாக் கோலம்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். உலா வரும்போதும் தெய்வம் படகு வடிவப் பல்லக்கில் திரைக்குப் பின்னால்தான். சனங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. நம்மிடம் உற்சவர் தெருவுக்கு வருவதே எல்லாரும் கண்ணாரப் பார்க்கத்தானே! கருவறையில் தெய்வச் சிலை இருந்த கருங்கல் மாடத்துக்கு முன்னால் நின்றபோது அது எனக்கு உண்மையிலேயே வலித்தது. இப்போது மாடம் காலி. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.

 தாமியா என்ற பலகாரம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊறவைத்த மொச்சை மாதிரிப் பயறைக் கொத்தமல்லித் தழையோடு அரைத்துப் பொரிக்கிறார்கள். பிட்டால் உள்ளே பச்சைப் பசேல், வெளியே பருப்பு வடையின் மொறுமொறுப்பு. ரொட்டியில் நான்கு வைத்துக் கொடுத்தார்கள். டாக்ஸியில் விட்ட காசுக்கு ஒரு வாரம் இதையே சாப்பிட்டிருக்கலாம்.

நாளை ஹாத்தோரின் வீட்டுக்கு, தெந்தேராவுக்கு. பக்கத்து ஊரான கேனா வரை ரயில்தான்.