ஒன்சே கால்தாஸ் வரலாற்று ஷீட்: 2004 ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது

தென்னமெரிக்கக் கிளப் கால்பந்தின் பெரிய போட்டியான கோபா லிபர்தடோரெஸில், 2004இன் நாக்அவுட் ஆட்டங்கள் எட்டையும் என் எக்செல் ஷீட்டில் உள்ளிட்டால், கையால் எதையும் திருத்தாமல், கோப்பை கொலம்பியாவின் மனிசாலெஸுக்கு, அதாவது ஒன்சே கால்தாஸ் கிளப்பின் ஊருக்குப் போகிறது. இதற்கு முன் இருந்த ஃபார்முலாவில் ஒன்சே கால்தாஸ் முதல் நாக்அவுட் சுற்றிலேயே வெளியேறிக்கொண்டிருந்தது. அந்தச் சுற்றைக் கையால் மாற்றினாலும் இறுதியில் கோப்பை அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸுக்குப் போய்விடும். காரணம் அவே கோல் விதி: இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து சமமானால், வெளி மைதானத்தில் அதிகக் கோல் போட்ட அணி முன்னேறும். இந்த ஒரு விதியில்தான் இந்தக் கட்டத்தின் பெரும்பகுதி உழைப்பும் போனது, அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எட்டு ஸ்கோர். ஈக்வடாரின் குவயாகிலில் அந்த ஊர் பார்சிலோனாவுடன் 0-0, சொந்த மைதானமான பாலோகிராந்தேவில் 1-1. பிரேசிலின் சாண்டோஸுடன் வெளியே 1-1, உள்ளே 1-0. சாவோ பாவுலோவுடன் அவர்கள் மைதானமான மொரும்பியில் 0-0, மனிசாலெஸில் 2-1. போகாவுடன் அவர்கள் மைதானமான பொம்பொனேராவில் 0-0, ஜூலை 1 அன்று பாலோகிராந்தேவில் 1-1. முதல் மோதலையும் கடைசி மோதலையும் பாருங்கள், இரண்டிலும் ஒரே ஸ்கோர்கள்: 0-0, 1-1. இரண்டிலும் வெளி மைதானத்தில் கோல் போட்டது எதிரணி மட்டுமே. அவே கோலை எண்ணும் எந்த ஃபார்முலாவும் இந்த இரண்டையும் எதிரணிக்குத்தான் கொடுக்கும்.

லிபர்தடோரெஸில் அந்த விதி வந்தது 2005இல்தான். 2004 வரை புள்ளி (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1), பிறகு கோல் வித்தியாசம், அதுவும் சமமென்றால் நேரே பெனால்டி ஷூட்அவுட். 2022 முதல் தென்னமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான கொன்மெபோல் அவே கோல் விதியை எடுத்தே விட்டது. விதி நடப்பில் இருந்த ஆண்டுகளிலும் இறுதிப்போட்டிக்கு அது கிடையாது. இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் டெம்ப்ளேட்கள் அநேகமாக ஐரோப்பியப் போட்டிகளுக்கு எழுதப்பட்டவை, அவே கோல் எப்போதும் உண்டு என்றே வைத்துக்கொள்கின்றன. தென்னமெரிக்கக் கிளப் எதற்கும் அவற்றை அப்படியே எடுக்காதீர்கள்.

இப்போது ஷீட்டில் இருக்கும் ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு மோதலுக்கும் இரு அணிக்கும் தனித்தனியாக ஒரே ஒரு ஒப்பீட்டு எண். புள்ளியை 10,000ஆல் பெருக்க வேண்டும். கோல் வித்தியாசத்தோடு 50 கூட்டி 100ஆல் பெருக்க வேண்டும். அவே கோலை 'கொடி' எண்ணால் (அவே கோல் விதி உண்டென்றால் 1, இல்லையென்றால் 0) பெருக்க வேண்டும். மூன்றையும் கூட்டினால் முடிந்தது. 50 கூட்டுவது எண்ணைக் கண்ணால் படிக்க வசதியாக இருக்கத்தான்: முதல் இலக்கம் புள்ளி, அடுத்த இரண்டு கோல் வித்தியாசம், கடைசி இரண்டு அவே கோல். எண் பெரிதாக உள்ள அணி முன்னேறும். சமமாக இருந்தால் மட்டும் ஷூட்அவுட் நெடுவரிசைகளைப் பார்க்கும்.

பார்சிலோனா மோதலில் கொடி 0 என்றால் இரு அணிக்கும் 25,000, அதாவது ஷூட்அவுட். கொடி 1 ஆனால் பார்சிலோனா 25,001, ஒன்சே கால்தாஸ் அங்கேயே நிற்கும். ஒரே ஓர் எண் அந்தக் கிளப்பின் வரலாற்றில் மிகப் பெரிய வெற்றியை அழித்துவிடுகிறது! சாண்டோஸுக்கு 14,900, நம் அணிக்கு 45,100. அங்கே குழப்பமே இல்லை.

கொடியை எடுக்கத் தனி விதி அட்டவணை. லிபர்தடோரெஸுக்கு மூன்றே வரி: 1999 என்றால் 0, 2005 என்றால் 1, 2022 என்றால் 0. கிளப் முதன்முதலில் அந்தப் போட்டியில் ஆடியது 1999 என்பதால் அதற்கு முந்தைய விதிகள் வேண்டியதில்லை. எக்செல்லின் விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலாவில் கடைசி மதிப்பைத் தோராயப் பொருத்தத்தில் வைத்தால், 2011 என்று கொடுக்கும்போது 2005 வரியைத் தானாக எடுத்துக்கொள்ளும். ஆண்டுகள் ஏறுவரிசையில் இருந்தாக வேண்டும். வரிசை கலைந்திருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான கொடி அமைதியாக வந்து உட்காரும். சுற்று நெடுவரிசையில் 'இறுதி' என்றிருந்தால் அட்டவணையைப் பார்க்காமல் 0 என்று ஓர் இஃப் (IF) முன்னால் போட்டாயிற்று.

சோதனைக்கு நல்ல மோதல்கள் இந்தக் கிளப்பிலேயே கிடைக்கின்றன. 2003 அபெர்துரா (கொலம்பிய லீகின் முதல் பாதி) இறுதியில் ஜூனியர் கிளப்புடன் 0-0, 1-0. 2005 ரெகோபாவில் (தென்னமெரிக்காவின் இரு கிளப் கோப்பைகளின் சாம்பியன்கள் மோதுவது) போகாவிடம் 1-3 தோல்வி, பிறகு 2-1 வெற்றி, கோப்பை போகாவுக்கு. 2010 ஃபினாலிசாசியோன் (லீகின் இரண்டாம் பாதி) இறுதியில் தொலிமாவிடம் 1-2 தோற்று 3-1 என வென்றது. 2011 லிபர்தடோரெஸில் க்ருசேய்ரோவிடம் மனிசாலெஸில் 1-2 தோற்று, பிரேசிலில் 2-0 வென்று முன்னேறியது. நான்கும் சரியாக வந்தால் ஃபார்முலா நம்பத் தகுந்தது. 2011தான் முக்கியமான சோதனை, ஏனென்றால் அங்கே கொடி 1. 35,102க்கு எதிராக 34,902 வர வேண்டும்.

ஷூட்அவுட்டை எப்படி எண்ணுவது என்பதில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். ஷூட்அவுட்டில் முடிந்த ஆட்டம் கணக்கில் டிராதான். அதை வெற்றியாகப் போட்டுவைத்த பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றின்படி 2004 நாக்அவுட்டில் 4 வெற்றி, 4 டிரா. சரியான கணக்கு 2 வெற்றி, 6 டிரா, தோல்வி இல்லை, போட்டது 6 கோல், வாங்கியது 4. வெளி மைதானத்தில் நான்கு ஆட்டத்தில் வாங்கியது ஒரே கோல். பயிற்சியாளர் லூயிஸ் ஃபெர்னாந்தோ மோந்தோயா கட்டிய அணி எப்படிப்பட்டது என்பது இந்த வரியில்தான் தெரிகிறது. ஷூட்அவுட்டை வெற்றியாக்கினால் அந்தச் சித்திரமே போய்விடும். இறுதி ஷூட்அவுட்டில் போகா அடித்த நான்கில் ஒன்றும் கோலாகவில்லை, நம் அணியில் சோதோவும் அகுதேலோவும் போட்டதால் 2-0. அதே ஆண்டு டிசம்பர் 12இல் ஜப்பானின் யோகஹாமாவில் போர்ச்சுகலின் போர்த்தோவுடன் 0-0, ஷூட்அவுட்டில் 7-8 தோல்வி. ஐரோப்பிய, தென்னமெரிக்க சாம்பியன்கள் மோதிய பழைய இன்டர்கான்டினென்டல் கோப்பையின் கடைசிப் போட்டி அது.

இந்த 8-7 எக்செல்லில் அப்படியே அடித்தால் தேதியாகிவிடும். 1-1, 2-1 இரண்டும் அப்படியே. 0-0 போன்றவை மாறாமல் நிற்கும், அதனால் சிக்கல் உடனே கண்ணில் படாது. ஸ்கோரை ஒரே கட்டத்தில் வைக்கவே வேண்டாம். சொந்த கோல், எதிர் கோல், ஷூட்அவுட் சொந்தம், ஷூட்அவுட் எதிர் என நான்கு நெடுவரிசை. ஷூட்அவுட் நடக்கவில்லை என்றால் 0 போடாமல் காலியாக விடுங்கள்.

பருவத்துக்கு ஆண்டை மட்டும் சாவியாக (ஒவ்வொரு பருவத்தையும் தனித்துக் காட்டும் அடையாளமாக) வைக்கக் கூடாது. 2002 முதல் (2020 தவிர) ஆண்டுக்கு இரண்டு சாம்பியன்கள், அபெர்துரா ஒன்று, ஃபினாலிசாசியோன் ஒன்று. அதற்கு முன் 1995–96, 1996–97 என ஐரோப்பிய மாதிரிப் பருவங்கள் வேறு. 1989இல் நடுவர் ஆல்வாரோ ஒர்தேகா கொல்லப்பட்டதால் லீக் ரத்து, சாம்பியனே இல்லை. போட்டியின் பெயரும் சாவிக்கு உதவாது. முஸ்தாங், போஸ்தோபோன், ஆகிலா, பெட்பிளே என்று ஸ்பான்சருக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். '2010-பி' மாதிரி எழுத்துச் சாவிதான் உறுதியாக நிற்கிறது.

கிளப்பின் பெயரிலும் இதே கதை. கிறிஸ்தால் கால்தாஸ், வார்த்தா கால்தாஸ், ஒன்சே பிலிப்ஸ் எல்லாம் ஒரே கிளப், மதுவும் பேட்டரியும் மின்சாதனமும் கொடுத்த பெயர்கள். எனவே இரண்டு நெடுவரிசை: அந்தப் பருவத்தில் அச்சான பெயர் ஒன்று, எந்தக் கிளப்பின் வழி என்று காட்டும் கிளை எண் ஒன்று. இன்றைய கிளப் உருவான 1961க்கு முந்தைய பகுதிக்கு ஒரு கிளை போதாது. 1948இல் நடந்த முதல் லீகின் பத்து அணிகளில் மனிசாலெஸிலிருந்து மட்டும் இரண்டு, டெபோர்தெஸ் கால்தாஸும் ஒன்சே டெபோர்டிவோவும். மில்லோனாரியோஸின் பொற்காலத்தில், அந்த அணியையே பின்தள்ளி 1950இல் பட்டம் வென்றது டெபோர்தெஸ் கால்தாஸ். இன்றைய கிளப் தன் நான்கு லீக் பட்டங்களில் (1950, 2003, 2009, 2010) அதையும் சேர்த்தே எண்ணுகிறது. ஷீட்டிலும் சேர்த்திருக்கிறேன், ஆனால் கிளை எண் வேறு. எந்தக் கணக்கு வேண்டுமோ ஃபில்டரில் எடுத்துக்கொள்ளலாம்.

இடத்தின் நெடுவரிசையில் மாகாணத்தையும் சேர்த்து எழுதுங்கள். கால்தாஸ் என்பது மனிசாலெஸைத் தலைநகராகக் கொண்ட மாகாணம், அதே பெயரில் அந்தியோகியா மாகாணத்தில் ஓர் ஊரும் இருக்கிறது. 2004 டிசம்பர் 22இல், யோகஹாமா ஆட்டம் முடிந்த பத்தாம் நாள், மோந்தோயா கொள்ளையர்களால் சுடப்பட்டு உடல் செயலிழந்தது அந்த ஊரில்தான். மனிசாலெஸில் நடந்ததாக எழுதிவைத்த குறிப்புகளைப் பயன்படுத்தாதீர்கள். கிந்தியோவும் ரிசரால்தாவும் 1966இல் பிரிக்கப்படும் வரை பழைய கால்தாஸுக்குள்தான் இருந்தன. டெபோர்தெஸ் கிந்தியோ 1956இல் பட்டம் வென்றபோது அந்த அணியின் ஊரான அர்மேனியா நகரம் கால்தாஸ் மாகாணம். 'அன்றைய மாகாணம்', 'இன்றைய மாகாணம்' என இரண்டாகப் பிரித்தால் தீர்ந்தது.

பழைய ஆட்டங்களுக்கு எல் தியெம்போ நாளிதழின் ஸ்கேன் பக்கங்கள் கூகுள் செய்தித்தாள் காப்பகத்தில் இருக்கின்றன. சொல் போட்டுத் தேடுவதை நம்ப வேண்டாம், தேதியாகப் புரட்டுங்கள். ஞாயிறு ஆட்டத்துக்குத் திங்கள் இதழ். மனிசாலெஸின் சொந்த நாளிதழ் லா பாத்ரியா 1921 முதல் வருகிறது, உள்ளூர் விவரத்துக்கு அதற்கு ஈடில்லை. ஐரோப்பிய இதழ்களில் இரவு ஆட்டங்களின் தேதி ஒரு நாள் தள்ளி இருக்கும், உள்ளூர் தேதியையே எழுதுங்கள். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 தேர்ந்தெடுக்காவிட்டால் கல்வான், ஆல்வாரெஸ் போன்ற பெயர்களின் குறி எழுத்துகள் சிதைந்துவிடும்.

கிளப் வரலாற்றின் சுவர் வரைபடமும் பாதி வரை வந்திருக்கிறது. ஏ3 தாள் குறுக்காக, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில். ஓர் ஆண்டுக்கு 5 மி.மீ. வீதம் 1948 முதல் 2025 வரை 78 ஆண்டுக்கு 390 மி.மீ., இரு ஓரமும் 15 மி.மீ. மிச்சம். 2002 முதல் ஓர் ஆண்டை 2.5 மி.மீ. ஆக இரண்டாகப் பிரித்தாயிற்று. அந்த அகலத்தில் எழுத்து நிற்காது, வண்ணம் மட்டும்தான். அச்சுக்கடைகளில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அவர்களே போட்டுவிடுகிறார்கள், அளவு சுருங்கி 5 மி.மீ. கணக்கு கெட்டுப்போகிறது. நூறு சதவீத அளவில் அச்சிடச் சொல்லி, முதல் தாளை ஸ்கேல் வைத்து அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

1948 பகுதியில் இரு மனிசாலெஸ் அணிகளுக்கும் இணையாக இரண்டு பட்டை வரைய வேண்டியிருக்கிறது, அது பாக்கி. அதற்குள் கிளப்பின் முன்கள வீரராக இருந்த செர்ஹியோ கல்வான் ரேயின் கோல் பட்டியலைத் தொடங்கியாயிற்று. கொலம்பிய லீகில் 224 கோல், 1999இல் மட்டும் 26. அவ்வளவு போட்டவர் 2004இல் அமெரிக்காவின் மெட்ரோஸ்டார்ஸுக்குப் போய்விட்டதால் லிபர்தடோரெஸ் வெற்றியில் இல்லை. அடுத்த தாவலுக்கு இன்னொரு முன்கள வீரரான டைரோ மொரேனோவின் பெயரை வைத்திருக்கிறேன், அங்கே லீக் கோலும் கோப்பைக் கோலும் தொடக்கத்திலிருந்தே தனி நெடுவரிசையில் போகும்.