வாண்மை விருத்தி மொடியூல்களை நிறைவுசெய்த கதை: கொழும்பில் ஒரு கணித ஆசிரியையின் அனுபவப் பகிர்வு

கொழும்பு வடக்கிலுள்ள மாகாணப் பாடசாலையொன்றில் தமிழ்மொழி மூலம் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில், இலங்கை ஆசிரியர் சேவையில் அடுத்த தரத்துக்கு உயர்வதற்குத் தேவையான வாண்மை விருத்தி மொடியூல்களை (பயிற்சி அலகுகளை) அண்மையில் நிறைவுசெய்தேன். விண்ணப்பித்த காலத்தில் இந்தச் செயன்முறையைத் தமிழில் விளக்கிய குறிப்பு எதுவும் என் கைக்கு எட்டவில்லை. மூத்த ஆசிரியர்களிடமும் வலயத்துச் சேவைக்கால ஆலோசகர்களிடமும் கேட்டுக் கேட்டே ஒவ்வொரு படியையும் அறிந்துகொண்டேன். என்னைப் போன்று தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் பணியாற்றும் இளம் ஆசிரியர்களுக்கு உதவும் என்று நம்பி, அறிந்ததையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

இவை அனைத்துக்கும் அடிப்படையாக இருப்பது 2014 ஒக்டோபர் 23 ஆம் திகதிய 1885/38 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியான ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பாகும். மூன்றாம் வகுப்பில் சேவையில் சேர்ந்து, இரண்டாம் வகுப்பின் இரு தரங்களையும் கடந்து, முதலாம் வகுப்பை அடைவதற்குச் சேவைக்காலம் மட்டும் போதாது. திருப்திகரமான சேவையும், உரிய சம்பள ஏற்றங்களும், அவற்றோடு ஆற்றலை விருத்திசெய்யும் மொடியூல்களும் வேண்டும். சேவைக்காலம் பூர்த்தியானால் கடிதம் தானாகவே வந்துசேரும் என்று நம்பியிருப்பவர்களை இன்றும் ஆசிரியர் அறைகளில் காண்கிறேன். வர்த்தமானியின் தமிழ்ப் பதிப்பை ஒருமுறையேனும் முழுமையாக வாசித்து, தமது தரத்துக்குரிய பந்தியை அச்சிட்டு வைத்துக்கொள்ளுமாறு அவர்களிடம் எப்போதும் சொல்கிறேன். பிறர் வாயால் கேட்கும் விளக்கங்கள் அவரவர் காலத்து நடைமுறையைச் சார்ந்தவையாகவே இருக்கின்றன.

விண்ணப்பம் அதிபரின் சிபாரிசோடு கோட்டத்துக்கும் அங்கிருந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கும் சென்றது. இதில் எனக்குப் பெரும் நேரத்தை எடுத்தது பெயர்தான். நியமனக் கடிதத்தில் ஒரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பட்டச் சான்றிதழில் முதலெழுத்துகள் மாறியும் என் பெயர் எழுதப்பட்டிருந்தது. மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சத்தியக் கடதாசியை முன்கூட்டியே இணைத்திருந்ததால் விண்ணப்பம் திரும்பி வரவில்லை. தமிழ்ப் பெயர்களைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்துப்பெயர்க்கும்போது இவ்வாறான வேறுபாடுகள் எழுவது வழமை என்பதால், விண்ணப்பிக்கும் முன்னரே இதனைச் சரிபார்த்துக்கொள்வது மிக அவசியம்.

இன்னொரு தடை அறிவித்தல்களின் மொழி. செயலமர்வுக்கான கையேடு தமிழில் கிடைத்தது. ஆனால் திகதி, இடம், கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றைத் தெரிவிக்கும் கடிதங்கள் சில சந்தர்ப்பங்களில் சிங்களத்தில் மட்டுமே பாடசாலைக்கு வந்தன. எமது பாடசாலையில் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியை அவற்றை வாசித்து விளக்கினார். அவர் விடுமுறையில் இருந்த வாரத்தில் கடிதம் அலுவலகத்திலேயே கிடந்தது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம், அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை நமக்கு உறுதிசெய்திருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் சுட்டிக்காட்டி, அறிவித்தல்களைத் தமிழிலும் அனுப்புமாறு பணிவான கடிதமொன்றை அதிபர் ஊடாக அனுப்பினோம். அதன் பின்னர் வந்த கடிதங்கள் இரு மொழிகளிலும் இருந்தன. இக்கோரிக்கையைத் தனி ஒருவர் விடுப்பதைவிடப் பாடசாலையின் பெயரால் விடுப்பதே பயன் தரும்.

செயலமர்வுகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடைபெற்றன. ஒரு வலயத்தில் தமிழ்மொழி மூலக் கணித ஆசிரியர்கள் ஒரு குழுவுக்குப் போதுமான அளவில் இல்லாததால், அயல் வலயங்களிலிருந்தும் ஆசிரியர்கள் அழைக்கப்பட்டிருந்தார்கள். நீர்கொழும்பிலிருந்து முதல் புகையிரதத்தில் வந்தவர்களும் இருந்தார்கள். ஓர் அமர்வு மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் நடைபெற்றது. புறக்கோட்டையிலிருந்து 138 ஆம் இலக்கப் பேருந்தில் ஹைலெவல் வீதி வழியாகச் சென்றேன். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் கொழும்புப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வாரங்களில், முன்னைய தொடரொன்று சூம் வழியாக நடந்தது. அதில் கையொப்பத்துக்கு ஈடாகப் பெயர்ப் பட்டியல் மட்டுமே எஞ்சியது. கற்றல் என்று சொல்லக்கூடிய எதுவும் என் மனத்தில் தங்கவில்லை. ஆகவே நேரடி அமர்வுகள் மீண்டும் தொடங்கியதை நான் உளமார வரவேற்றேன்.

முதல் அமர்வு சட்டதிட்டங்கள், ஒழுக்கக் கோவை, பாடக்குறிப்பு எழுதும் முறை ஆகியவற்றைப் பற்றியது. தேவையானவைதான் என்றாலும் அவற்றை வாசித்தே அறிந்துகொள்ளலாம் என்பதால் இங்கு விரித்து எழுதவில்லை.

இரண்டாவது அமர்வில்தான் என் கற்பித்தலை மாற்றிய விடயம் இருந்தது. வளவாளராக வந்தவர் கணிதப் பாட ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய மூத்த ஆசிரியர். விரிவுரையை எதிர்பார்த்து அமர்ந்திருந்த எங்களிடம் அவர் மாணவர்களின் விடைத்தாள்களின் பிரதிகளைத் தந்தார், பெயர்கள் அழிக்கப்பட்டிருந்தன. புள்ளியிட வேண்டாம் என்றும், ஒவ்வொரு விடையையும் எழுதிய பிள்ளை எவ்வாறு சிந்தித்திருப்பார் என்பதை மாத்திரம் எழுதுமாறும் கேட்டுக்கொண்டார்.

முதலாவது தாளில் 1/2 + 1/3 = 2/5 என்று இருந்தது. தொகுதியெண்களையும் பகுதியெண்களையும் தனித்தனியே கூட்டியிருக்கிறார், பொது மடங்கு தெரியவில்லை என்று நாங்கள் அனைவரும் எழுதினோம். வளவாளர் கேட்டார்: "சரி, ஆனால் பிள்ளைக்கு இப்படிக் கூட்டலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?" யாரிடமும் பதில் இல்லை. பிறகு அவரே கரும்பலகையில் எழுதிக் காட்டினார். பகுதி ஒன்றில் 20 க்கு 15 புள்ளி, பகுதி இரண்டில் 30 க்கு 18 புள்ளி; மொத்தம் 50 க்கு 33. இந்த முறையைத் தவணைதோறும் பிள்ளைக்குக் காட்டுபவர்கள் நாங்கள்தான். விடைத்தாளின் மேல் மூலையில் 15/20 என்றும் 18/30 என்றும் எழுதி, கீழே 33/50 என்று கூட்டியும் கொடுக்கிறோம். பிள்ளை கண்ணால் கண்ட ஒரு சரியான கூட்டலை, அது பொருந்தாத இடத்தில் பயன்படுத்தியிருக்கிறது. விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் இந்த எண்ணம் விலகாது. ஓர் அரையோடு எதையேனும் கூட்டினால் அரையைவிடக் குறைந்த 2/5 எவ்வாறு வரும் என்ற கேள்வியைப் பிள்ளை தானே எதிர்கொள்ள வேண்டும். ஒரே நீளமுள்ள கடதாசிக் கீற்றுகளை இரண்டாகவும் மூன்றாகவும் ஆறாகவும் மடித்து அருகருகே வைக்கும்போதுதான், இரு பின்னங்களும் ஒரே முழுமையின் பகுதிகள் என்பதும், புள்ளிகளைக் கூட்டும்போது முழுமையே மாறிக்கொண்டிருக்கிறது என்பதும் தெளிவாகின்றன.

அடுத்து இரண்டு பிள்ளைகளின் தசம வினாக்கள். 0.35, 0.4 ஆகியவற்றில் பெரியது எது என்றும், 0.62, 0.4 ஆகியவற்றில் பெரியது எது என்றும் கேட்கப்பட்டிருந்தது. ஒருவர் 0.35, 0.62 என்று எழுதியிருந்தார். மற்றவர் இரண்டுக்குமே 0.4 என்று எழுதியிருந்தார். இருவருக்கும் ஒரு சரி, ஒரு பிழை. புள்ளிப் பதிவேட்டில் இருவரும் சமம். ஆனால் முதலாமவர் தசமத்துக்குப் பின்னுள்ள இலக்கங்களை முழுவெண்ணாக எண்ணி, 35 ஆனது 4 ஐ விடப் பெரியது என்று கருதுகிறார். இரண்டாமவரோ பத்திலொன்று நூறிலொன்றைவிடப் பெரியது என்று கற்றதை நீட்டி, இலக்கங்கள் குறைந்த எண்ணே பெரியது என்று கருதுகிறார். இருவருக்கும் ஒரே விளக்கத்தைக் கொடுத்தால் ஒருவருடைய தவறான எண்ணம் மேலும் உறுதிப்படக்கூடும். மேலும், முதல் வினாவை மட்டும் கேட்டிருந்தால் இரண்டாமவர் சரியாக விளங்கிக்கொண்டவர் என்றே முடிவுசெய்திருப்போம்.

பாடத்தை அறிந்திருப்பதும், அப்பாடத்தைப் பிள்ளைகள் எங்கெங்கு எவ்வாறு பிறழ விளங்கிக்கொள்வார்கள் என்பதை அறிந்திருப்பதும் வெவ்வேறானவை. பின்னையது ஆசிரியருக்கு மட்டுமே உரிய தனியான அறிவு என்பதை 1986 இல் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ சுல்மன் வலியுறுத்தினார் என்று வளவாளர் கூறினார். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவில் அப்பெயரைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்த விடைத்தாள்களின் முன்னிலையில்தான்.

இன்னொரு பயிற்சி மௌனத்தைப் பற்றியது. வினாவொன்றைக் கேட்ட பின்னர் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதனை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டினால் விடைகள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்பதையும் 1970 களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தமது விஞ்ஞான வகுப்பறை ஆய்வுகளில் காட்டினார். இருவர் இருவராக அமர்ந்து அதைப் பழகிப் பார்த்தோம். மூன்று செக்கன் என்பது கேட்பதற்குச் சிறிது. நாற்பது பிள்ளைகளின் முன் நிற்கும்போது அது மிக நீண்டது.

மொடியூலின் மதிப்பீட்டுக்காக ஒப்படை ஒன்றும், வகுப்பறையில் நடத்திய பாடம் பற்றிய அறிக்கை ஒன்றும் கேட்கப்பட்டன. பலர் முன்னைய ஆண்டுகளின் ஒப்படைகளைப் பெற்று மாற்றி எழுதுகிறார்கள். அவர்களது வேலைப்பளுவை நான் அறிவேன், ஆயினும் அவ்வாறு செய்வதில் இழப்பு அவர்களுக்கே என்று உறுதியாகக் கருதுகிறேன். நான் தரம் 7 மாணவர்களின் தசமப் பிழைகளையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். அதே தரத்துக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் சக ஆசிரியையிடம், தமது ஓய்வுப் பாடவேளையில் என் வகுப்புக்கு வருமாறு கேட்டேன். "நான் வந்து உங்கட பாடத்தைப் பார்த்து என்ன சொல்லுறது மிஸ், எனக்குக் கணிதம் கற்பிக்கிறது பழக்கமில்லையே" என்றார் அவர். என்னைப் பார்க்க வேண்டாம், பின்வரிசையில் உள்ள ஐந்து பிள்ளைகளை மட்டும் பார்த்து, அவர்கள் என்ன எழுதுகிறார்கள், எப்போது எழுதுவதை நிறுத்துகிறார்கள் என்று குறித்துத் தாருங்கள் என்றேன். யப்பானியப் பாடசாலைகளில் நெடுங்காலமாக நடைமுறையிலுள்ள பாட ஆய்வு முறையின் சாரமும் இதுவே: ஆசிரியரை மதிப்பிடுவதற்காக அன்றி, பிள்ளையின் கற்றலை அவதானிப்பதற்காகச் சக ஆசிரியர்கள் வகுப்பில் அமர்கிறார்கள்.

அவருடைய குறிப்புகள் எனக்குப் பேருதவியாக இருந்தன. ஒரு மாணவி கரும்பலகையில் விடை தோன்றும்வரை கொப்பியில் எதையும் எழுதாமல் காத்திருந்து, பின்னர் பிழையின்றி எழுதிக்கொள்கிறார் என்று அதில் இருந்தது. அவரது கொப்பியைத் திருத்தும்போது எல்லாம் சரியாக இருப்பதை மட்டுமே நான் கண்டுவந்தேன். இதன் பின்னர் விடையைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரும் தமது விடையைச் சிறு துண்டுக் கடதாசியில் எழுதி உயர்த்திக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்தினேன். எமது உப அதிபர் நேரசூசியில் எங்கள் இருவருக்கும் பொதுவான ஓய்வுப் பாடவேளை ஒன்றை ஒதுக்கித் தந்ததால் அந்த அவதானிப்பு ஒரு தடவையோடு நின்றுவிடவில்லை. நானும் அவருடைய விஞ்ஞான வகுப்பில் அமர்கிறேன். பாடசாலை மட்ட வாண்மை விருத்தி என்று சுற்றறிக்கைகள் கூறுவதற்கு இதைவிடச் செலவு குறைந்த வழியை நான் அறியேன். கல்வி அதிகாரிகள் செயலமர்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, அவற்றின் பின்னர் இரு ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பதற்கு நேரசூசியில் இடம் தருவதையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான வேண்டுகோள்.

இனி ஆவணங்களைப் பற்றி. ஒவ்வோர் அமர்விலும் வரவுப் பதிவில் கையொப்பமிட்டதும், அந்த நாளுக்குரிய அழைப்புக் கடிதத்தின் பிரதியைத் திகதி வாரியாகக் கோவைப்படுத்தி வைத்தேன். மொடியூல் சான்றிதழ்கள் கிடைத்தவுடன் அதிபரால் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளை வலயத்தில் உள்ள சுயவிபரக் கோவையில் இடுவித்து, ஏற்றுக்கொண்டமைக்கான முத்திரையையும் பெற்றேன். வலயம் மாறி இடமாற்றம் பெறுவோர் தமது கோவையோடு இச்சான்றிதழ்களும் புதிய வலயத்தைச் சென்றடைந்துள்ளனவா என்பதை நேரில் உறுதிசெய்ய வேண்டும். என்னோடு பயின்ற ஒருவரின் சான்றிதழ் பழைய வலயத்திலேயே தங்கிவிட்டதால் அவருடைய தரம் உயர்வு பல மாதங்கள் தாமதமானது.

தரம் உயர்வுக் கடிதம் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது செல்லுபடியாகும் திகதியை. கடிதம் எப்போது வந்தாலும், தகைமைகள் அனைத்தும் பூர்த்தியான திகதியிலிருந்தே உயர்வு கணக்கிடப்பட வேண்டும். அடுத்த தரத்துக்கான சேவைக்காலமும் அன்றிலிருந்தே தொடங்குகிறது. எனது கடிதத்தில் திகதி சரியாக இருந்தது. நிலுவைச் சம்பளத்துக்கான கணிப்பீட்டைச் சம்பளப் பிரிவில் கேட்டுப் பெற்று, சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே விண்ணப்பக் கோவையை மூடினேன்.