யார் கொடுத்த வீட்டுப்பாடம்?

மனநல ஆலோசகர் பயிற்சியில் எனக்கு முதல் இடைஞ்சல் அந்தப் பெயர்தான். ஆலோசகர் என்றால் ஆலோசனை சொல்ல வேண்டாமா? காட்பாடியில் பயிற்சிக்கு ஒதுக்கிய சிறிய அறையில் உட்கார்ந்து நானும் அள்ளி வழங்கினேன்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன்.) தூக்கமில்லை என்று வந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டேன்; இல்லை என்றார். அதுவரை சரி. பிறகு காலை, மாலை பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி, இரவில் நாட்குறிப்பு என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம், “செய்தேன் அம்மா” என்றார். செய்யவில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

என் மேற்பார்வையாளர் திட்டவில்லை. “அந்த வீட்டுப்பாடத்தை யார் தேர்ந்தெடுத்தது?” என்று மட்டும் கேட்டார். ஆலோசகருக்கும் வருபவருக்கும் இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பிணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்று உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் வகுத்ததைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அறைக்குள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் வாரம் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். “அக்கா, இங்கே வந்ததற்கு எது மாறினால் உங்களுக்கு நிம்மதி?” என்று கேட்டேன். வெகுநேரம் பேச்சில்லை. வேலூர் மே மாத வெயிலில் மின்விசிறி அனல்காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“ஆம்பூரில் செருப்புக் கம்பெனிக்குப் போகும் மகன் என்னோடு பேசி ஆறு மாதம் ஆகிறது” என்றார். தூக்கம் நான் பிடித்துக்கொண்ட இலக்கு.

பிறகு என் வீட்டுப்பாடத்தை அவரே பிரித்து மேய்ந்தார். புகையிலைத் தூளுக்கு நடுவே மூச்சை ஆழமாக இழுத்தால் இருமல்தான் வருமாம். நாட்குறிப்பு எழுதினால் மகள் எடுத்துப் படித்துவிடுவாளாம். முறத்தை இறக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் வாசல்படியில் சற்று உட்காரலாம் என்று அவரே சொன்னார். மகனிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதை இருவரும் சேர்ந்து யோசித்தோம். நான் சொன்ன இரண்டு வாக்கியங்களைத் தள்ளிவிட்டு, “சாப்பிட்டாயா?” போதும் என்றார்.

பழக்கம் எங்கே போகும்? போன வாரம், “நீங்கள் செய்ய வேண்டியது...” என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் சிரித்தார். “சொல்லுங்கள் அம்மா, அடுத்த வாரம் வந்து செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.”