கவுண்ட் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

குழந்தை தள்ளிப்போனால் ஆணுக்கு முதலில் செய்யவேண்டியது விந்து பரிசோதனை. செலவு குறைவு, வலி இல்லை. இருந்தும் நம்ம பக்கத்தில் பல வீடுகளில் பெண்ணுக்கு ஸ்கேன், ட்யூப் (கருக்குழாய்) டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் இதற்கு ஆள் வருகிறார். வந்தவரும் ரிப்போர்ட்டில் கவுண்ட் (விந்தணுக்களின் எண்ணிக்கை) என்ற ஒரே வரியைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார்.

முதலில் சாம்பிள். கடைசியாக விந்து வெளியேறி 2 நாளுக்குக் குறையாமலும் 7 நாளுக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை பக்கம் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கழித்துக் கரையேறுகிறவர்களும், வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களும் இறங்கிய மறுநாளே லேபுக்கு வந்துவிடுவதுண்டு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் சாம்பிளில் அளவும் எண்ணிக்கையும் கூடுதலாகத் தெரியும். பழைய அணுக்கள் தேங்கியிருப்பதால் அசைவு குறைந்திருக்கும். வந்த பிறகு ஒருமுறை வெளியேற்றிவிட்டு, மூன்று நான்கு நாள் கழித்துக் கொடுப்பது சரி.

லேபிலேயே எடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேரவேண்டும். தூத்தூரிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் கொண்டுவந்தால் அது நடக்காது. டப்பாவை உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவாருங்கள், ஐஸில் வைக்கவே கூடாது. தேங்காய் எண்ணெய், சோப்பு, எச்சில், கடை ஆணுறை எல்லாம் அணுக்களைக் கெடுக்கும். முதலில் வரும் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். அது கீழே சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ் வரம்புகள்: விந்தின் அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 16 மில்லியன் அணுக்கள், மொத்தம் 39 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். வடிவம் 4 என்றதும் பயப்படுகிறவர்கள் அதிகம். மீதி 96 கோணலாக இருந்தாலும் அது நார்மல்தான்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க நாங்கள் பார்ப்பது ஒரு பெருக்கல் கணக்கு. அளவு, செறிவு (ஒரு மில்லியில் உள்ள அணுக்கள்), முன்னோக்கி நீந்தும் சதவீதம் மூன்றையும் பெருக்குங்கள். ஒருவருக்கு 4 மில்லி, 14 மில்லியன், 40 சதவீதம் என்றால் விடை 22.4 மில்லியன். இன்னொருவருக்கு 1 மில்லி, 40 மில்லியன், 15 சதவீதம் என்றால் வெறும் 6 மில்லியன். கவுண்ட் குறைவு என்று அழுதவர்தான் மேல்!

சாம்பிளைக் கழுவிய (விந்துநீரை நீக்கி அணுக்களைப் பிரித்த) பிறகு நீந்துபவை 5 முதல் 10 மில்லியன் கிடைத்தால், மனைவியின் கருக்குழாய் திறந்திருந்து வயதும் இடம்கொடுத்தால், ஐயூஐ (அந்த அணுக்களைக் கருப்பைக்குள் செலுத்துவது) முயலலாம். 1 மில்லியனுக்கும் கீழ் என்றால் ஐயூஐயில் மாதங்களைக் கழிப்பது வீண். அணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்தும் இக்சியில் ஒரு முட்டைக்கு ஓர் அணு போதும். இடைப்பட்டவர்களுக்குத்தான் மனைவியின் வயது தீர்ப்புச் சொல்லும்: 28 என்றால் பொறுக்கலாம், 38 என்றால் பொறுக்கக்கூடாது.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஐவிஎஃப்புக்கு (உடலுக்கு வெளியே கருவாக்கும் சிகிச்சை) பணம் கட்டாதீர்கள். அணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த டெங்கு காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி அணு உற்பத்தியையே நிறுத்திவிடும். 'ஆண்மை கூட' என்று போட்டுக்கொண்டு பூஜ்யத்தோடு வருகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். அணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏ (மரபுப்பொருள்) சிதைந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை எல்லாருக்கும் வேண்டாம். கரு திரும்பத் திரும்பக் கலைகிறவர்களுக்கு அது உதவும்.

அணுவே இல்லை என்று வந்தால், சாம்பிளைச் சுழற்றி அடியில் படிந்ததையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பிறகு அளவைப் பாருங்கள். 1 மில்லிக்கும் குறைவாக, அமிலத்தன்மையோடு, ஃப்ரக்டோஸ் (விந்தில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரை) இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் வழியில் அடைப்பு. உற்பத்தி நடக்கிறது, அணு உருவாகும் விதையிலிருந்து ஊசியால் எடுத்து இக்சி செய்யலாம். அளவு சரியாக இருந்து, எஃப்எஸ்எச் (அணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) கூடி, விதை சிறுத்திருந்தால் உற்பத்தியில்தான் கோளாறு. விதையை அறுத்து அணு தேடுவதற்கு முன்னேற்பாடாக குரோமோசோம், ஒய் குரோமோசோம் பரிசோதனைகள் வேண்டும். ஒய்யில் சில பகுதிகள் முழுதாக விடுபட்டிருந்தால் அறுவை செய்து தேடியும் அணு கிடைக்காது என்பது கத்தி வைக்கும் முன்பே தெரிந்துவிடும்.